கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்றேன்

மித்ரா,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். எந்தத் துணியைப் பெட்டியில் வைப்பது, எதை விட்டுவிட்டுப் போவது என்று அம்மாவோடு நீ வாதாடுவது இங்கே கேட்கிறது. எழுந்து நாலு அடி வைத்தால் நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நேரில் பேசினால் நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். நீயும் "சரி நைனா, சரி நைனா" என்று முடித்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை நீ புனேவுக்கு ரயில் ஏறுகிறாய். முதல் வேலை, தெரியாத ஊர். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுத வைத்தது உன் சிரிப்புதான். போன வாரம் கீழ் வீட்டு அமுலு மாடி ஏறி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் பெண் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். "கம்ப்யூட்டர்ல பரீட்ச எழுதினாதான் அந்த காலேஜ்ல சீட்டாம் மித்ரா. எங்க வூட்ல கம்ப்யூட்டரே இல்ல. இது நம்மளுக்கு ஒத்து வருமா, இல்ல சும்மா பேஜாரா?" என்று உன்னைக் கேட்டாள். நீ என் பக்கம் திரும்பி, "எங்க நைனாவ கேளுக்கா, அவருக்குத்தான் அல்லாம் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாய். அதில் குத்தல் இல்லை, எனக்குத் தெரியும். நீயும் நானும் உன் அம்மாவும் மட்டும் அறிந்த ஒரு காலை நேரத்தை நினைத்துச் சிரித்தாய். அமுலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் புரியட்டும் என்றுதான், இதில் ஒரு நகல் எடுத்து அவளிடமும் கொடுக்கப்போகிறேன். நாம் இருக்கிற எம்.கே.பி. நகரில் பிள்ளையைப் படிக்க வைக்கிற யார் கேட்டாலும் கொடுப்பேன். அதனால் இது உனக்கு எழுதின கடிதம்தான் என்றாலும் உனக்கு மட்டும் எழுதினது இல்லை.

நான் எப்படி 'எல்லாம் தெரிந்தவன்' ஆனேன் என்பதிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, பிறந்தால் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த வே பிரிட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. லாரியை அப்படியே மேடையில் ஏற்றி எடை பார்க்கிற இடம் அது. சரக்கோடு ஒரு எடை, சரக்கை இறக்கின பிறகு வெறும் லாரிக்கு ஒரு எடை, இரண்டுக்கும் சீட்டு. அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற ஒரு பெட்டியைக் காட்டி, "இனிமே இதுலதான்" என்றார் முதலாளி. மூன்று நாள் ஒரு ஆள் வந்து சொல்லிக்கொடுத்தான். நாலாம் நாளிலிருந்து நான்தான் ராஜா.

அந்தப் பெட்டிக்கு இரண்டு குணம். ஒன்று, எடையைப் பதிந்து பட்டனை அமுக்கிவிட்டால் அமுக்கினதுதான். தப்பான வண்டி நம்பரைப் போட்டுவிட்டால் திருத்த முடியாது, முதலாளியைக் கூப்பிட வேண்டும். இரண்டு, கரண்ட் போனால் பாதியில் இருக்கிற கணக்கெல்லாம் அழிந்துவிடும். ஒரு நாள் மத்தியானம் அப்படிப் போய்விட்டது. சரக்கு எடை போட்டு உள்ளே அனுப்பியிருந்த பதினேழு லாரிக்கும் எடை காணவில்லை. இறக்கினதைத் திரும்ப ஏற்ற முடியுமா? ஹைரோடு வரைக்கும் கண்டெய்னர் லாரி நின்றது. டிரைவர்கள் என்னைச் சுற்றி நின்று பேசின பேச்சை உன்னிடம் எழுத முடியாது. அன்றைக்கு நான் ஒன்றைத் தெரிந்துகொண்டதாக நினைத்தேன். கம்ப்யூட்டர் என்றால் கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். நான் பார்த்தது ஒரே ஒரு பழைய பெட்டி. அதை வைத்து உலகத்தில் உள்ள அத்தனைக்கும் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

நம் பிளாக்கில் தினமும் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆள் அப்போது நான் ஒருத்தன்தான். அதனால் ரேஷன் கார்டில் பேர் தப்பாக வந்தாலும், ரயில் டிக்கெட்டில் இருக்கிற எழுத்துக்கு அர்த்தம் வேண்டுமானாலும், என்னைத்தான் கேட்பார்கள். நானும் சொல்வேன். பாதி தெரிந்து சொன்னது, பாதி தெரியாமல் சொன்னது. தெரியாததைத்தான் நான் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன் என்று உன் அம்மா சுகுணா இன்றைக்கும் சொல்வாள். ஒருத்தர் நம்மிடம் வந்து கேட்கிறார் என்பதில் ஒரு ருசி இருக்கிறது, மித்ரா. அது பழகிவிட்டால் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. எனக்கு ஆறு வருடம் வரவில்லை.

அந்த ஆறாவது வருடம்தான் நீ பிளஸ் டூ. உன் பிசிக்ஸ் டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் நம் வீட்டுக்கே வந்தார். வெளி மாநிலத்தில் இருக்கிற ஒரு இன்ஜினியரிங் கல்லூரி, கம்ப்யூட்டரில் நுழைவுத் தேர்வு வைக்கிறது, இவள் எழுதினால் கிடைக்கும், நல்ல மார்க் வாங்கினால் ஃபீஸிலும் சலுகை உண்டு என்று சொன்னார். சுவரில் இருந்த புத்தர் படத்துக்குக் கீழே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார், நாம் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். நான் உடனே, "அதெல்லாம் வூட்ல கம்ப்யூட்டர் வச்சிக்கினு கீறவங்க பசங்களுக்கு டீச்சர். நம்மளுக்கு வோணாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சார், அது கம்ப்யூட்டர் பரீட்சை இல்ல. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் பரீட்சை. பேப்பருக்குப் பதிலா திரை, அவ்வளவுதான். மௌஸ பிடிச்சு நாலு பதில்ல ஒண்ண அமுக்கத் தெரிஞ்சா போதும்" என்றார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா, "ஃபாரம் குடுங்க டீச்சர், நா பூர்த்தி பண்ணி அனுப்பறேன்" என்று கையை நீட்டிவிட்டாள்.

அதோடு நான் ஒதுங்கியிருந்தால் பரவாயில்லை. ஒதுங்கவில்லை. கம்ப்யூட்டர் விஷயம் என்றால் வீட்டில் நான்தானே என்று முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டேன். டீச்சர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், உன்னை வியாசர்பாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்து ஒன்றரை மாதம் டைப் அடிக்க வைத்தேன். தினமும் இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு நீ எத்தனை கணக்குப் போட்டிருப்பாய். கடைசியில் பரீட்சையில் உன் பேரைக்கூட டைப் அடிக்கச் சொல்லவில்லை. இது முதல் தப்பு.

இரண்டாவது, தேதி. ஒரே நாளில் எல்லாரும் எழுதுகிற பரீட்சை இல்லை அது. பல நாள் நடக்கும், வேண்டிய நாளை நாமே எடுத்துக்கொள்ளலாம். டீச்சர், "நடுவுல ஒரு நாளா எடு, உடம்பு சரியில்லன்னாலும் மாத்திக்கலாம்" என்றார். டைப்பிங் சென்டர்க்காரன் என்னிடம், "கடைசி நாள் எடுங்க சார். மொத நாள் வந்த கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வரும். எழுதிட்டு வர்ற பசங்கள கேட்டாலே பாதி தெரிஞ்சிடும்" என்றான். எனக்கு அவன் சொன்னது பிடித்திருந்தது. கடைசி நாளையே எடுத்தேன். எழுதிவிட்டு வந்த மூன்று பேரைத் தேடிப் பிடித்து, அவர்கள் ஞாபகத்தில் இருந்த கேள்விகளை வாங்கி உன்னிடம் கொடுத்தேன். அதில் ஒன்றுகூட உனக்கு வரவில்லை. கேள்விகள் பெரிய குவியலிலிருந்து ஆளுக்கு ஆள் மாறி வரும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மூன்றாவதும் நாலாவதும் என் வே பிரிட்ஜ் ஞானம். "ஒரு தபா அமுக்கிட்டா அமுக்கினதுதான் பாப்பா. மாத்த முடியாது. நல்லா யோசிச்சி அமுக்கு" என்றேன். "கரண்ட் போச்சுன்னா அவ்ளோதான், அல்லாம் அழிஞ்சிடும். அதனால சீக்கிரம் முடிச்சிட்டு எந்திரி" என்றும் சொன்னேன். நிதானமாகவும் இரு, சீக்கிரமும் முடி. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு கேள்வியையும் விடாமல் அத்தனைக்கும் பதிலை அமுக்கு என்று ஐந்தாவதாகவும் ஒன்று சொன்னேன். தப்பான பதிலுக்கு மார்க் பிடிப்பார்கள் என்று டீச்சர் எச்சரித்திருந்ததால், அதை மட்டும் நீ என்னிடம் தலையாட்டிவிட்டுக் கேட்காமல் விட்டாய். நல்ல வேளை. மற்றதையும் அப்படியே செய்திருக்கலாம். ஆனால் பதினேழு வயதில் நீ என்னை நம்பினாய்.

பரீட்சை நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நீ உள்ளே இருந்தாய், வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. கிண்டி பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைதான் மையம். இரண்டு பஸ் மாறிப் போனோம். அம்மா, தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். உன்னை உள்ளே அனுப்பிவிட்டு, வளாகத்துக்குள்ளேயே ஒரு மரத்தடியில் பெற்றவர்கள் எல்லாரும் நின்றோம். காரில் வந்தவர்கள்தான் அதிகம். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், "ஒவ்வொரு பையனுக்கும் வேற வேற கேள்வி. ஒருத்தனுக்கு ஈஸி, ஒருத்தனுக்கு கஷ்டம். எல்லாம் லக்குதான்" என்றார். இன்னொரு அம்மா, "முதல் பத்து கேள்வி தப்பானா கம்ப்யூட்டரே மார்க்கை குறைச்சிடுமாம்" என்றார். இங்கிலீஷ் கலந்து பேசினார்களே தவிர, அவர்களுக்கும் என்னைப் போலவே ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. நானும் கூட்டத்தில் என் பங்குக்கு, "கரண்ட் போனா அல்லாம் அழிஞ்சிடும் சார்" என்று ஒன்றைப் போட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையின் மின்விசிறி நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கட்டடத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பினதும் காரில் வந்தவர்கள் மூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் நீ வந்தாய். ஹால் டிக்கெட்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாய். வேறு யாரும் வரவில்லை, நீ மட்டும். அருகில் வந்து, "ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு நைனா. எழுவத்தஞ்சு கேள்வி போட்டிருந்தேன். அல்லாம் போயிடுச்சு" என்றாய். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாலு வருடமாகச் சொல்லாதது இதுதான், மித்ரா. நீ அப்படிச் சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ஒரு திருப்தி. நான் சொன்னது பலித்துவிட்டது. அந்தச் சட்டைக்காரர் முன்னால், கார்க்காரர்கள் முன்னால், என் வார்த்தை சரியாகிவிட்டது. ஒரு நொடிதான், அதற்குள் வருத்தமும் வந்துவிட்டது. ஆனால் முதலில் வந்தது அது. "நான்தான் சொன்னேனே" என்றேன் உன்னிடம். உன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். "வா, வூட்டுக்குப் போலாம். இது நம்மளுக்கு இல்ல" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். உன் ஒரு வருடப் படிப்பைக் காட்டிலும் என் வார்த்தை எனக்குப் பெரிதாக இருந்த நேரம் அது. பெற்றவன் ஒருத்தன் இதை எழுதுவது சுலபம் இல்லை. ஆனால் நீ இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், என்னைப் பற்றி நீ அறிந்தது பாதிதான்.

கேட்டுக்கு இரண்டடி இருக்கும்போது உன் அம்மா பையின் வாரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். குழாயடியில் முகம் கழுவப் போயிருந்தவள், நம்மைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"எங்கயா இஸ்துகினு போற அவள?"

"கரண்ட் போயிடுச்சு. அல்லாம் அழிஞ்சிடுச்சு."

"யார் சொன்னா?"

"எனக்குத் தெரியாதா?"

"நீ சொல்ற. உள்ள கீறவங்க இன்னா சொன்னாங்க? யாரயாச்சும் கேட்டியாடி?" என்று உன் பக்கம் திரும்பினாள். நீ இல்லை என்று தலையாட்டினாய். "ஆஸ்பத்திரில யாராச்சும் ஒருத்தர் ஊசிய மாத்துன்னு சொன்னா, நர்ஸம்மாவ கேட்டுட்டுதான் நாங்க கைய வைப்போம். ஒரு வார்த்த கேக்காம எந்திரிச்சி வந்துட்டியா?" என்று உன்னை இழுத்துக்கொண்டு கட்டடத்துப் பக்கம் திரும்பினாள். நான் கேட்டருகிலேயே நின்றேன், பையோடு.

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு இளம் பெண், மேற்பார்வை பார்க்க வந்தவர், படியில் இறங்கி வேகமாக வந்தார். உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "ஏம்மா எழுந்து வந்த? உன் வரிசைக்கு மட்டும் பேட்டரி வேலை செய்யல. மத்தவங்க எல்லாம் கையைத் தூக்கினாங்க, நீ மட்டும் சொல்லாம வந்துட்ட. நீ அமுக்கின ஒவ்வொரு பதிலும் அப்பப்பவே சர்வர்ல போய் சேர்ந்திடும்மா. அது வேற அறையில இருக்கு. உன் நேரமும் அங்கேயே நின்னுடுச்சு. மெஷினைத்தான் திரும்பப் போடணும்" என்றார். அந்தப் பெண் சொன்னதில் 'சர்வர்' என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புதிது. மற்றது எல்லாம் தமிழ்தான், அத்தனையும் புரிந்தது. என் ஆறு வருட ஞானம் அவர் பேசி முடிப்பதற்குள் தீர்ந்துபோனது.

ஆனால் சிக்கல் முடியவில்லை. அறையை விட்டு வெளியே வந்தவரைத் திரும்ப உள்ளே விடக்கூடாது என்று விதி இருந்தது. அந்தப் பெண் மையத்தின் பொறுப்பாளரைக் கூட்டி வந்தார். கண்ணாடி போட்ட பெரியவர், கையில் ஒரு பதிவேடு. உன் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "வேற நாள் போட்டுத் தரலாம்னா, இதுதான் கடைசி நாள்" என்றார். அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிறகு அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு கேட்டுக்கு வெளிய போச்சா?" என்று கேட்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "இல்ல சார். கேட்டாண்ட வந்தாங்க, அந்தம்மா புட்ச்சி இஸ்துட்டாங்க. வெளிய கால வைக்கல" என்றார். பெரியவர் பதிவேட்டைத் திறந்தார். மின்தடை பதிவாகியிருக்கிறது, மெஷின் நின்றதும் பதிவாகியிருக்கிறது, வளாகத்தை விட்டுப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதி, உன்னிடமும் அந்தப் பெண்ணிடமும் கையெழுத்து வாங்கினார். "போம்மா, போய் முடி" என்றார். நீ ஓடினாய். அம்மா இரண்டடி தாமதமாக வந்திருந்தால் நாம் ரோட்டில் நின்றிருப்போம்.

மீதி நேரத்தில் உள்ளே நடந்ததை நீதான் பஸ்ஸில் சொன்னாய். திரை திரும்ப வந்ததும் எழுபத்தைந்தும் அப்படியே இருந்தன. எந்தக் கேள்விக்கும் திரும்பிப் போய் மாற்றலாம் என்று அந்தப் பெண் சொன்ன பிறகு, முன்னால் போட்டதில் ஆறைத் திருத்தினாய். கடைசியில் மதிப்பெண் திரையிலேயே வந்தது. பேப்பரை வெளியே எடுத்துவரக்கூடாது என்பதால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாய். அந்த எண்ணை நான் படித்தபோது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக உன்னிடம், "இது போதுமா பாப்பா? எனக்குத் தெரியல" என்று கேட்டேன். "எனக்கும் தெரியல நைனா. டீச்சர கேக்கலாம்" என்றாய்.

நீ ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்கவில்லை. முதல் பட்டியலில் உன் பேரே இல்லை. பிளாக்கில் அதற்குள், "மார்க்க அவங்களே ஏத்தி எறக்குவாங்க, பெரிய எடத்துப் பசங்களுக்குத்தான் குடுப்பாங்க" என்று பேச்சு வந்துவிட்டது. தபாலில் வந்த தாளை நீ எல்லாருக்கும் காட்டினாய். கையில் எழுதி வந்த அதே எண்தான் அதிலும் இருந்தது. ஒன்று ஏறவில்லை, ஒன்று இறங்கவில்லை. இரண்டாவது பட்டியலில் கெமிக்கல் இன்ஜினியரிங் வந்தது. டைப்பிங் சென்டரில் போன அந்த ஒன்றரை மாதம் உன் கையில் இருந்திருந்தால் முதல் பட்டியலிலேயே வந்திருக்குமோ என்று நான் யோசிக்காத வருடம் இல்லை. இருக்கலாம். அந்தக் கடன் என்னுடையது. ஆனால் எண்ணூர் பக்கம் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த நீ, அதற்குள் என்ன நடக்கிறது என்று படிக்கப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அமுலுவின் பெண்ணுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் பரவாயில்லை. மாதிரித் தேர்வு ஒன்றை எங்கேயாவது உட்கார்ந்து இரண்டு தரம் எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும். மீதி நேரமெல்லாம் பாடத்துக்கு. மித்ரா எழுதின பரீட்சையில் பதிலை மாற்ற முடிந்தது, தப்புக்கு மார்க் பிடித்தார்கள். உன் பரீட்சையில் எப்படி என்று அவர்கள் கொடுக்கிற விதிப் புத்தகத்தில் இருக்கும், அதை முதல் பக்கத்திலிருந்து படி. முன்னே போன கேள்வியைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறுகிற பரீட்சைகளும் உண்டாம், மித்ரா சொன்னாள். எல்லாவற்றையும் ஒன்று என்று நினைக்காதே. கடைசி நாளை எடுக்காதே. மெஷின் நின்றால் கையைத் தூக்கு, இடத்தை விட்டு எழாதே. இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உனக்கு, மித்ரா, இன்னும் ஒன்று. நீ ஹாஸ்டலுக்குப் போன முதல் வருடம், ஒரு நாள் காலையில் வே பிரிட்ஜ் ஆபீசுக்குப் போன் செய்தாயே. மேடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. கணக்குப் பாடத்தில் ஃபெயில் ஆகிவிட்டது என்றாய். "மொத செமஸ்டர்ல ஒண்ணு போனாலே அனுப்பிடுவாங்களாம் நைனா. சீனியர்ஸ் சொல்றாங்க. நா வந்துடவா?" என்றாய். உன் குரல் அன்றைக்குப் படியில் இறங்கி வந்தபோது இருந்த மாதிரியே இருந்தது. வா என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு துடித்தது. பிள்ளை அழைத்தால் எந்த அப்பனுக்கும் அப்படித்தான் இருக்கும். டிரைவர் ஹாரன் அடித்தான். "இருப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு உன்னிடம் கேட்டேன்: "சீனியர்ஸ வுடு. ஆபீஸ்ல கேட்டியா?" கேட்கவில்லை என்றாய். "போய் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு. நா இங்கயேதான் இருப்பேன்" என்றேன். மத்தியானம் கூப்பிட்டாய். யாரையும் அனுப்பமாட்டார்கள், அடுத்த பருவத்தில் திரும்ப எழுதினால் போதும் என்றாய். எழுதினாய், பாஸானாய். அந்த இடைப்பட்ட மூன்று மணி நேரம் நான் எடை போட்ட லாரிகளில் எத்தனைக்குச் சரியாகப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உன்னை வா என்று சொல்லாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்தவற்றில் அது ஒன்று.

புனேயிலும் முதல் வாரத்திலேயே உன்னிடம் பலர் பலது சொல்வார்கள். அந்த மேனேஜர் அப்படி, நம் மாதிரி இடத்திலிருந்து வந்தவர்களை மேலே விடமாட்டார்கள், பொம்பளைப் பிள்ளைக்கு பிளாண்டில் வேலை தரமாட்டார்கள் என்பார்கள். சிலது உண்மையாகவும் இருக்கும். உண்மையாக இருந்தால், அதைச் செய்கிறவன் வாயாலேயே உன்னிடம் சொல்லட்டும். அவன் சொன்ன பிறகு என்ன செய்வது என்று பார்த்துக்கொள்ளலாம். அவன் சொல்வதற்கு முன்னால் நீயாக எழுந்து வராதே. இன்னும் கொஞ்ச வருடத்தில் உன்னைத் தேடியும் ஆட்கள் வந்து கேட்பார்கள். அந்த ருசி உனக்கும் வரும், என் பெண்தானே. அப்போது தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிப் பழகு. முதல் தடவை கூசும். எனக்கு நாற்பத்தாறு வயதில் கூசியது, உனக்கு இருபத்தொன்றில் அவ்வளவு கூசாது.

நீ உள்ளே போய் முடிப்பாய் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அந்தத் திருப்தியைப் பற்றி எழுதினதைப் படித்துவிட்டு உனக்கு என்மேல் கோபம் வந்தால், ரயில் ஏறுவதற்கு முன்னால் சண்டை போட்டுவிடு. மனதில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகாதே. கோபம் வராவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்து, முதல் நாள் வேலை முடிந்ததும் கூப்பிடு. நீ வேலை பார்க்கிற இடத்தில் எது என்ன செய்யும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் நைனா